நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தூண்டில் போட்டபோது எதிர்கொண்டவை

கேத்திக்காரர்:

சென்ற ஜனவரியில் நடந்தது மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். அவலாஞ்சி நீர்த்தேக்கத்தில் ஓடை வந்து சேரும் முனை எதுவென்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மீன்பிடி உரிமம் எடுத்திருந்தேன். உறைபனி கரைந்து வெயில் ஏறிய நேரத்தில், ஓடையின் ஓட்டமும் தேங்கிய நீரும் கலக்கும் இடத்துக்குக் குறுக்கே சிறிய ஸ்பின்னரை (நீரில் சுழலும் உலோகப் போலி இரை) எறிந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். தூண்டில் நரம்பு (நைலான் இழை) விறைத்தது. டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் மாட்டினால் வழக்கமாக நீருக்கு மேலே துள்ளும். இது துள்ளவே இல்லை, அடியிலேயே கிடந்து கனமாக இழுத்தது.

கரையருகே வந்தபோதுதான் பெண் மீன் என்று தெரிந்தது. பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டை கருத்துப் போயிருந்தது, வயிறு புடைத்திருந்தது. தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்காக அடிவயிற்றை ஒரு கையால் தாங்கினேன். விரலிடுக்கு வழியாக முட்டைகள் வழிந்தன. ஊறிய ஜவ்வரிசி அளவில், ஆரஞ்சு நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருந்த அந்த முட்டைகள் நீரில் விழுந்து கூழாங்கல் இடுக்குகளுக்குள் உருண்டு மறைந்தன. மீனை உடனே நீரில் விட்டேன். அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. செவுள் மூடி விரிந்து மூடியது, பிறகு வால் ஒருமுறை அசைந்தது. அதன் பின்னர் நிமிர்ந்து நீந்திப் போனதா, சரிந்து ஆழத்தில் மூழ்கியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனெனில் வெயில் நீர்ப்பரப்பில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. முட்டையோடு மாட்டிய டிரவுட்டைத் திரும்ப விட்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? அது பிழைக்குமா?

மஞ்சூர்வாசி:

என்னிடம் இதற்கு விடை இல்லை. ஆனால் தங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு நேர்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. எமரால்டு அணையின் தைல மரக் காட்டை ஒட்டிய கரையில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று நண்டு தேடிக்கொண்டிருந்தது. நம் மலையின் உயரமான ஓடைகளில் இருப்பது சிறிய நகங்களுடைய இனம். முன்கால்களை மனிதக் கைகள் போலப் பயன்படுத்திக் கற்களுக்கு அடியில் துழாவும். அவற்றுள் ஒன்று பின்தங்கி நொண்டியது. அருகே வந்தபோது பார்த்தேன்: அதன் முன்காலில் தூண்டில் நரம்பு பலமுறை சுற்றி இறுகியிருந்தது, சுற்றிய இடத்துக்குக் கீழே விரல்கள் வீங்கியிருந்தன. அது உட்கார்ந்து அந்த நரம்பைப் பல்லால் கடித்து இழுத்தது. நைலான் என்பதால் அறவில்லை. நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் கூட்டமே நீருக்குள் இறங்கிவிட்டது. அறுந்த நரம்பைக் கரையில் விட்டுச் செல்பவர்கள் அந்தக் காலை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

வெலிங்டன் ஓய்வூதியர்:

கேத்தி அன்பருக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பட்டை கருத்திருந்ததை நோயின் அறிகுறியாகத் தாங்கள் எண்ணியிருந்தால் அது சரியல்ல. முட்டையிடும் பருவத்தில் வானவில் டிரவுட்டின் நிறம் கருப்பது இயல்பு. முட்டை முற்றிய பெண் மீனின் வயிற்றில் லேசான அழுத்தம் பட்டாலே முட்டை வெளியேறும். அவலாஞ்சியிலுள்ள மீன்வளத் துறைப் பண்ணையில் வயிற்றைக் கையால் பிதுக்கித்தான் முட்டையெடுக்கிறார்கள், அதற்குப் பின்னும் அந்தத் தாய்மீன்கள் தொட்டியில் உயிரோடு நீந்துகின்றன. ஆகவே தங்கள் மீன் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். வெளியேறிய முட்டைகளைப் பொறுத்தவரை, ஆண் மீனின் விந்து சேராததால் அவை பொரிக்கா. பெண் மீன் வாலால் சரளைக்கல்லைக் கிளறிக் குழி பறித்து, ஆண் மீன் அருகில் இருக்கும்போது இடும் முட்டைகளே நீர் 10 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரிக்கும்.

எனக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்சன்ஸ் பள்ளத்தாக்கு நீர்த்தேக்கத்தில் ஓர் இளைஞர், பிடித்த டிரவுட்டைக் காய்ந்த புல்லின்மேல் கிடத்திப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். பின்பு நீரில் விட்டபோது அதன் உடலில் புல்லின் பதிவு அப்படியே தெரிந்தது, வழவழப்பு முழுவதும் போயிருந்தது. அந்தப் பதிவு இப்போதும் என் கண்முன் நிற்கிறது.

அதனால் யாரும் கேளாமலேயே சிலவற்றைச் சொல்கிறேன். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தோலின்மேல் உள்ள அந்த வழவழப்பான படலமே அதற்குக் கிருமிகளிலிருந்து காப்பு. முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் மீனை நீருக்கு வெளியே எடுக்காமலேயே கழற்றலாம். விடும்போது தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, தானாகக் கையை உதறிக்கொண்டு போகும்வரை தாங்கியிருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அதனால் பயனில்லை, செவுளுக்குக் கேடே. கோடையில் வெப்பமானி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். நீர் 20 டிகிரியை நெருங்கினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், களைத்த டிரவுட் மீளாது, அன்று தூண்டிலைச் சுருட்டிவிடுவதே நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஓடை முனைகளை அவற்றுக்கே விட்டுவிட்டு, தேங்கிய நீரில் மைதா உருண்டையும் தக்கையுமாகக் கெண்டைக்குப் போகலாம். காமராஜ் சாகர் அணையில் கண்ணாடிக் கெண்டை (மிரர் கார்ப்) கிடைக்கும்போது முட்டையிடும் தவிப்பில் இருக்கும் டிரவுட்டை ஏன் துன்புறுத்த வேண்டும்? மஞ்சூர் அன்பர் சொன்ன நரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: தூண்டில்காரர்களை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. இரவில் திருட்டுத்தனமாகக் கட்டப்படும் செவுள் வலைகளின் கிழிந்த துண்டுகளும் அதே நைலான்தான்.

புல்வெளிக்காரன்:

ஐயா அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் ஒரே ஒரு டிரவுட்டுக்காக இவ்வளவு வருந்தும்போது, அது இந்த மலைக்கு வந்த கதையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1863இல் மீனியலாளர் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1907இல் மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பின்னரே வானவில் டிரவுட் இங்கு நிலைத்தது. அணைகளோ அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், கனடாவின் உதவியுடன் குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. கண்ணாடிக் கெண்டையும் 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்ததுதான். நாம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டும் வந்தேறிகள்.

முக்குருத்தி தேசியப் பூங்காப் பக்கம், உரிய அனுமதியோடு சென்றிருந்தபோது, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓடையில் ஒரு டிரவுட்டைக் கண்டேன். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அதன் வாயிலிருந்து ஒரு தவளையின் பின்னங்கால் நீட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் பல இந்தச் சோலைக்காடுகளில் வாழ்கின்றன. விழுங்கப்பட்டது அவற்றில் ஒன்றா என்ற கேள்வி என்னை விடவில்லை. அணைகளில் மீன் பிடிப்பதை நான் எதிர்க்கவில்லை. அணைக்கு மேலேயுள்ள ஓடைகளில் டிரவுட் பெருக வேண்டும் என்று விரும்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

எமரால்டு ஊர்ப்பெண்:

எல்லோரும் மீனைப் பற்றியே எழுதுகிறீர்கள். கரையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எங்கள் ஊரார் அதைத்தான் முதலில் சொல்வோம்.

மின்சாரத்துக்காகத் தண்ணீரை எடுக்க எடுக்க, கோடையில் அணை வெகுதூரம் உள்வாங்கிவிடும். அப்போது வெளியே தெரியும் தரை காய்ந்து வெடித்து, நடக்கத் தகுந்ததுபோல் இருக்கும். சரிவுகளில் உள்ள கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களிலிருந்து மழை அடித்து வந்த வண்டல் அது. மேலே நான்கு விரல் கனத்துக்குப் பொருக்கு, அதன் கீழே சேறு. என் அண்ணன் கெண்டை பிடிக்கப் போனபோது நான் கரையில் இருந்தேன். நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று குள்ளமாகிவிட்டார். தொடை வரை இறங்கியிருந்தார். ஒரு காலை இழுத்தால் மற்றொன்று இன்னும் ஆழமாகப் போனது. அவர் கத்தவில்லை, தூண்டில் கம்பைக் குறுக்கே போட்டு அதன்மேல் மார்பைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். நான் அம்மாவின் சேலையை எறிந்தேன், எட்டவில்லை. தோட்டத்து ஆட்கள் பலகை கொண்டுவந்து போட்டு இழுத்தபோது, கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை. அந்தச் சேறு மூடிக்கொண்ட சத்தம் இன்றைக்கும் காதில் கேட்கிறது.

வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள், தண்ணீர் தொலைவில் இருக்கிறதே என்று நேராக அதன்மேல் நடக்கிறார்கள். நாங்கள் தோட்டத்திலிருந்து கூப்பிட்டால், மீன் பிடிக்க விடாமல் தடுக்கிறோம் என்று எண்ணுகிறார்கள்.

வெலிங்டன் ஓய்வூதியர்:

தங்கை சொன்னது முற்றிலும் உண்மை. 2019 ஆகஸ்ட் 8ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதை அறிவீர்கள். அதற்குப் பிறகு கல்தரை என்று நாங்கள் நம்பியிருந்த சில முனைகளில் வண்டல் ஏறிவிட்டது. பழைய பழக்கத்தை நம்பி யாரும் இறங்கக் கூடாது. ஓடை ஓடிக் கழுவிய சரளை தெரியும் பக்கமாகவோ, மரவேர் பிடித்திருக்கும் பக்கமாகவோ மட்டும் இறங்குங்கள், ஒவ்வோர் அடிக்கும் முன் கம்பால் ஊன்றிப் பாருங்கள், தனியாகப் போகாதீர்கள்.

புல்வெளிக்காரருக்கு: அணைக்கு மேலேயுள்ள ஓடைகளை விட்டுவிடலாம் என்பதில் நான் தங்களுடன் உடன்படுகிறேன். ஆனால் மீன் அணையோடு நின்றுவிடாது. முட்டையிடும் பருவத்தில் அது ஓடை வழியாக மேலே ஏறத்தான் செய்யும். கேத்தி அன்பரின் மீன் அந்த முனையில் காத்திருந்ததும் அதற்காகத்தான். எனவே ஓடைகளைக் காக்க வேண்டுமானால் அணைகளில் டிரவுட் குஞ்சு விடுவதைப் பற்றியே முதலில் பேச வேண்டியிருக்கும். அதற்குத் தாங்கள் உடன்படுகிறீர்களா என்று சொல்லுங்கள்.