ஐவர்மலை சமணச் சிற்பம், கல்வெட்டு: போனில் தெளிவாக எடுப்பது எப்படி?

கேள்வி (மேற்குமலை):
பழனி வழியாகக் கொடைக்கானல் போகிறோம், நாலு பேர். அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது. பாறையில் செதுக்கிய பழைய வேலைப்பாடு பார்க்கணும். நீலகிரி கரிக்கியூரா, ஐவர்மலையா? கல்வெட்டை எழுத்து தெரிகிற மாதிரி போனில் எடுக்க முடியுமா?

பதில் (கற்படுகை):
கரிக்கியூரில் இருப்பது ஓவியம்ங்க, செதுக்கியது இல்லை. காட்டுக்குள் நடக்கணும், வனத்துறை அனுமதியும் வேணும். உங்களுக்கு ஐவர்மலைதான் சரி. பழனியில் இருந்து கொழுமம் போகும் சாலையில், பாப்பம்பட்டி பக்கம். படிக்கட்டு உண்டு, அப்பா நின்று நின்று ஏறட்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறித்துவிடும், பைக்குள் வையுங்க. ஆடி அமாவாசை அன்று மட்டும் போகவே வேண்டாம், கூட்டத்தில் பாறைப் பக்கமே நெருங்க முடியாது.

இயற்கைக் குகையின் நெற்றியில் 16 தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் பெரியோர்) உருவங்கள் வரிசையாக இருக்கும். தலைக்கு மேல் பாம்புப் படம் விரிந்திருந்தால் அவர்களில் ஒருவரான பார்சுவநாதர். பக்கத்திலேயே செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயரும் அதில் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாண்டிய அரசன் வரகுணன் காலக் கல்வெட்டு. சகம் (பழைய ஆண்டுக் கணக்கு) 792, அரசனுக்கு எட்டாம் ஆட்சியாண்டு என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சகத்தோடு 78 கூட்டினால் கி.பி. 870. எட்டைப் பின்னால் எண்ணினால் இரண்டாம் வரகுணன் பட்டமேறியது 862 வாக்கில். பாண்டியர் காலக்கணக்குக்கு இதுதான் ஆணி. சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி, பார்சுவ படாரர் (பார்சுவநாதர்), இயக்கி (சமணப் பெண் தெய்வம்) உருவங்களைப் புதுக்கி, 505 காணம் (பழைய பொன் அளவு) பொன் கொடையாக வைத்த செய்தி அது.

பதில் (சாய்வெளிச்சம்):
பிளாஷ் போட்டால் படம் போச்சு. எழுத்தின் ஆழம் கொஞ்சம்தான். நேராக வெளிச்சம் விழுந்தால் பள்ளத்தில் நிழலே இருக்காது, வெறும் கல்தான் தெரியும். ஒருவர் டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல், கல்வெட்டுக்குப் பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளிப் பிடிக்கணும். இன்னொருவர் நேர் எதிரே நின்று எடுக்கணும். ஒரே இடத்தில் நின்று டார்ச்சை இடம், வலம், மேல் என்று மூன்று பக்கமும் மாற்றி எடுங்க. கிடைக்கோடு மேல் வெளிச்சத்தில்தான் எழும், நெடுக்கோடு பக்க வெளிச்சத்தில். ஒரே படத்தை வைத்துப் படித்தால் பாதி எழுத்து தப்பும்.

எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டி, விபூதி, மாவு தேய்ப்பது, தண்ணீர் தெளிப்பது வேண்டாம். பொடி நுண்குழிகளில் அடைத்துக்கொள்ளும், அடுத்தவர் எடுக்கும் படத்தில் கீறல்கூட எழுத்தாகத் தெரியும். விளக்கெண்ணெய் பட்ட இடத்தில் தூசி ஒட்டிக் கறுக்கும். தொட்டுப் பார்ப்பதும் அதே கணக்குதான்.

மேற்குமலை:
பகல் 11 மணிக்குத்தான் போய்ச் சேருவோம். வெளிவெளிச்சத்தில் டார்ச் எடுபடுமா?

பதில் (சாய்வெளிச்சம்):
வெறுமனே எடுபடாது. கறுப்புக் குடை ஒன்று கொண்டுபோங்க. வெளிச்சம் வரும் பக்கம் விரித்து மறைத்துவிட்டு, உள்பக்கமிருந்து டார்ச் அடியுங்க. போன் திரையில் வானத்தை விட்டு, பாறை தெரியும் இடத்தைத் தொட்டு வெளிச்ச அளவை மாறாமல் நிறுத்துங்க. இல்லையென்றால் கல் கரிக்கட்டையாக விழும்.

பதில் (கற்படுகை):
குடையை விரிக்கும் முன் மேலே ஒருமுறை பாருங்க. இந்த மாதிரிப் பாறை நெற்றியில் மலைத்தேனீ அடை கட்டும். அடை இருந்தால் குடையும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். சத்தம் போடாமல் விலகி, கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்க. சென்ட் பூசிக்கொண்டு போகாதீங்க.