அமினோ அமில வரிசையைப் பார்த்தே புரதத்தின் வேலையைச் சொல்லிவிட முடியுமா?

துரைப்பாக்கம் நிரலாளர்:
காசநோய் ஆராய்ச்சிக்கென்றே சேத்துப்பட்டில் தேசிய நிறுவனம் வைத்திருக்கும் ஊர் நம் சென்னை. அந்தக் கிருமியின் மரபணுத்தொகை 1998-இலேயே வெளியாகிவிட்டது. ஏறத்தாழ 4000 மரபணுக்கள். அவற்றில் பல இன்னும் ‘செயல் தெரியாத புரதம்’ என்றே கிடக்கின்றன. யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் வரிசைகள் கோடிக்கணக்கில். மனிதர் சரிபார்த்த ஸ்விஸ்-புராட் பகுதியிலோ சுமார் 5.7 லட்சம்தான். ஒவ்வொரு புரதமாக ஆய்வகத்தில் தயாரித்து வடித்துச் சோதித்து முடிப்பதற்குள் நம் பேரனுக்குப் பேரன் பிறந்துவிடுவான். புரத வரிசைகளைப் படித்துத் தேறிய ஈஎஸ்எம்-2 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியின் மேல் சிறு வகைப்படுத்தி ஒன்றைக் கட்டினேன். நொதியின் வேலையைக் குறிக்கும் ஈசி எண்ணைப் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. இனி, ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ட் மென்பொருள் எதற்கு?

குளிரறைக்காரி:
தம்பி, சோதனைத் தொகுப்பை எப்படிப் பிரித்தீர்கள்? குலுக்கிப் போட்டுப் பிரித்திருந்தால், பயிற்சியில் பார்த்த புரதத்தின் அக்காள் தங்கையெல்லாம் தேர்விலும் வந்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. வாத்தின் கண் வில்லையில் எப்சிலான் கிரிஸ்டலின் என்ற புரதம் இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, இதயத்தில் உழைக்கும் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்-பி நொதியேதான். ஒரே மரபணு, ஒரே வரிசை. ஓரிடத்தில் நொதி, இன்னோரிடத்தில் ஒளியை வளைக்கும் பளிங்கு. எந்த உறுப்பில், எவ்வளவு செறிவில் என்பதை வரிசை சொல்லாதே?

துரைப்பாக்கம் நிரலாளர்:
வாத்துக் கண்ணைக் காட்டி மிரட்டாதீர்கள், அக்கா. ஒரு புரதத்துக்கு, வேலைகளைப் பட்டியலிடும் ஜீன் ஆன்டாலஜியில் எத்தனை அடையாளம் வேண்டுமானாலும் தரலாம். பிளாஸ்ட் மட்டும் என்ன செய்கிறது? பக்கத்து வீட்டுக்காரன் தச்சன், அதனால் இவனும் தச்சன் என்று 1990 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2022-இல் ஆழ்கற்றலைச் சேர்த்துக்கொண்டு பிஃபாம் என்ற புரதக் குடும்பத் தளத்தின் வீச்சை 9.5 சதவீதத்துக்கு மேல் விரித்தார்கள். பழைய முறைகளுக்கு எட்டாத தூரத்து உறவுகள் அவை.

கிண்டி பழைய மாணவர்:
ஜி. என். ராமச்சந்திரனும் குழுவினரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். புரதச் சங்கிலி திரும்பும் இரண்டே கோணங்கள், அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஆகாது, முட்டாத இடம் ஆகும். ‘ஏன்’ என்று கேட்டால் அது பதில் சொல்லும். உங்கள் மாதிரி வாயே திறக்காது.

குளிரறைக்காரி:
ஐயா, காரணம் சொல்லாவிட்டாலும் போகட்டும். ஊகம் தரவுத்தளத்தில் உண்மையாக ஏறிவிடுகிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். 2009-இல் 37 நொதிக் குடும்பங்களை அலசிய ஆய்வில், ஸ்விஸ்-புராட்டில் தவறான பெயர்கள் ஏறக்குறைய இல்லை. தானாகப் பெயரிடும் தளங்களில் தாராளமாக இருந்தன. அந்தத் தவற்றையே அடுத்த மாதிரி பாடமாகப் படிக்கும்.

2016-இல் 473 மரபணுக்களை மட்டும் வைத்து ஓர் உயிரணுவை வாழவைத்தார்கள். அதில் 149-க்கு என்ன வேலை என்று அப்போது தெரியவில்லை. இதுவரை யாரும் பார்த்திராத வேலையாக இருந்தால், தம்பி, உங்கள் வகைப்படுத்தி அதை எந்தப் பெட்டியில் போடும்? இருக்கிற பெட்டிகளில் ஒன்றில்தானே! அதுவும் அடித்துச் சொல்லும்.

துரைப்பாக்கம் நிரலாளர் (இரண்டு நாள் கழித்து):
30 சதவீதத்துக்கு மேல் ஒத்திருக்கும் வரிசைகளைப் பயிற்சி, தேர்வு இரண்டில் ஒரே பக்கம் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினேன். மதிப்பெண் எவ்வளவு விழுந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். ஆனாலும் தூரத்து உறவுகளில் பிளாஸ்ட்டை முந்துகிறது, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். ‘தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு வரம்பும் வைத்துவிட்டேன். அதையும் தாண்டி வந்த மூன்று வரிசைகளை அனுப்புகிறேன். வடித்துப் பார்ப்பீர்களா?

குளிரறைக்காரி:
அனுப்புங்கள். ஈ. கோலை பாக்டீரியாவில் வளர்த்தால் கரைந்த நிலையில் கிடைக்குமா என்றும் உங்கள் மாதிரியிடம் கேட்டுச் சொல்லுங்கள். போன முறை எனக்கு எல்லாம் கட்டிகட்டியாகத்தான் வந்தது.