பூச்சிவிரட்டியா, ஈகடியா? – சொல் வேண்டும், வெள்ளிக்குள்

ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள தமிழ் மூத்தோர் சிலர் ஜூன் தொடக்கத்தில் அல்கொன்குவின் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கப் போகிறார்கள். பிளாக் ஃப்ளை என்னும் கடிக்கும் சிறு ஈ மொய்க்கும் காலம் அது. அவர்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று, கடித்து இரத்தம் குடிக்கும் ஈ வகைகளுக்குப் பொதுப்பெயர். மற்றது, பூச்சி கடிக்காமலிருக்கத் தோலில் பூசும் 'ரிப்பெல்லன்ட்'.

கோவை, பூச்சியியல் ஆசிரியர்:
'பூச்சிவிரட்டி' இருக்கும்போது புதிதாக எதற்கு? பயிருக்குத் தெளிக்கும் ஐந்திலைக் கரைசலை உழவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். முதலாவதற்குக் 'கடி ஈ' போதும். பிளாக் ஃப்ளையில் பெண் மட்டுமே கடிக்கும். கொசுவைப் போல ஊசி குத்தாது, தோலை அறுத்து ஊறும் இரத்தத்தை நக்கும். காதின் பின்புறம், மயிரோரம், சட்டைக்கையின் உள்பக்கம் என்று ஊர்ந்து போய்க் கடிக்கும். அப்போது வலி தெரியாது. அடர்நிறத் துணியை நாடும். வெளிர்நிற முழுக்கைச் சட்டை அணியச் சொல்லுங்கள், அம்மா. அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தங்கச்சி, அறிக்கையை வாசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சனம். எங்களுக்கு அது இலையான். 'கடிக்கும் இலையான்' என்றால் எவருக்கும் விளங்கும். கொசு என்று வரும் இடங்களில் நுளம்பு என்று போடுங்கள். நாற்பது வருடம் கனடாவில் இருந்தாலும் நுளம்பு நுளம்புதான்.

தஞ்சை, தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு):
'விரட்டி' கொச்சை. சங்கத் தமிழில் நல்ல வினை கிடக்கிறது: கடிதல், அதாவது ஓட்டுதல். தினைப்புனத்தில் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகள் கொண்டு கிளியை ஓட்டியதைக் குறிஞ்சிப்பாட்டு 'கிளிகடி மரபின' என்கிறது. ஆகவே 'ஈகடி'. நன்னூல் கடி என்னும் உரிச்சொல்லுக்குப் பதின்மூன்று பொருள் தருகிறது. காப்பு உண்டு, விரை எனும் மணம் உண்டு, அச்சம் உண்டு, கரிப்பும் உண்டு. இந்தத் தைலத்தின் குணங்கள் எல்லாம் அதில் அடங்கிவிட்டன.

கோவை:
ஐயா, நாய்க்கடி, பாம்புக்கடி, ஈகடி. மருந்துக்கு நோயின் பெயரையே வைத்துவிட்டீர்கள்.

தஞ்சை:
வல்லொற்று மிகுந்தால் 'ஈக்கடி', கடிபடுவது. மிகாவிட்டால் 'ஈகடி', இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஈயைக் கடிவது. ஓர் ஒற்று எல்லாவற்றையும் தெளிவாக்குகிறது.

கோவை:
கழுத்தைச் சொறிந்துகொண்டே ஒற்று மிகுந்ததா என்று பார்ப்பார்களா?

சென்னை, நிரலாளர்:
'ஈயோட்டி' என்று வைக்கலாம். கடைக்காரர்தான் கோபித்துக்கொள்வார்.

ரொறன்ரோ:
விரட்டியில் எனக்கு வேறொரு தயக்கம். கொசுவிரட்டி என்றால் பலருக்குச் சுருளும், மின்செருகியில் மாட்டும் திரவமும்தான் நினைவுக்கு வருகின்றன. கூடாரத்துக்குள் வைத்துவிட்டு வெளியே வெறுங்கையோடு உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஈ பகலில் கடிப்பது, அதுவும் திறந்த வெளியில். கூடாரத்துக்குள் வந்தாலும் பெரும்பாலும் கடிக்காது. மருந்து தோலில் இருக்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரியாதா?

மதுரை, சித்த மருத்துவ மாணவி:
'அண்டாப்பூச்சு'? ஈயை அண்டவிடாத பூச்சு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பேராசிரியர் ஐயாவுக்கும் பிடிக்கும்.

சென்னை:
அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்துவிட்டார்!

தஞ்சை:
நகைப்பு இருக்கட்டும். அந்தப் பெண் சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை. பொருளும் இருக்கிறது.

கோவை:
பொருளில் 'விரட்டி'யைவிடச் சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். 1946-இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவான டீட் என்னும் பூச்சுமருந்து எதையும் துரத்துவதில்லை. பூசிய இடத்துக்கு மிக அருகில் வந்துதான் பூச்சி திரும்புகிறது. பூசாமல் விட்ட விரலிடுக்கில் கடிக்கும். ஆனால் சரியான சொல் வேறு, புரியும் சொல் வேறு. ஒன்று மட்டும் தவறக்கூடாது. துணியில் ஏற்றும் பெர்மெத்ரின் பூச்சியைக் கொல்லும். அதைத் தோலில் பூசக்கூடாது. அதற்குக் 'கொல்லி' என்றே போடுங்கள். தோலில் பூசும் டீட், இக்காரிடின் இரண்டையும் அந்தப் பெயரில் சேர்க்காதீர்கள்.

யாழ்ப்பாணம்:
தலைக்குப் போடும் வலைக்கு என்ன எழுதினீர்கள்?

ரொறன்ரோ:
'தலைவலை' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் 'தலைவலி' என்று திருத்தி, 'தலைவலி அணிந்துகொள்ளவும்' என்று அனுப்பியிருக்கிறார். 'முகவலை' ஆக்கிவிட்டேன்.

நேரமில்லை. முதல் இடத்தில் 'பூச்சிவிரட்டிப் பூச்சு' என்றும் பிறகு வெறும் 'பூச்சு' என்றும் போடுகிறேன். கோவை, யாழ்ப்பாணம், சென்னை மூவரும் சரி என்றுவிட்டார்கள். ஈக்குக் 'கடிக்கும் ஈ (இலையான்)'.

தஞ்சை:
'பூச்சி', 'பூச்சு' இரண்டும் அடுத்தடுத்து வருவது செவிக்கு இன்னா. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மதுரை:
அறிக்கையில் உண்ணிக்கும் இதே மருந்தைச் சொல்லியிருக்கிறீர்களா? உண்ணிக்கு எட்டுக் கால். அது பூச்சி இனமே இல்லையே.

யாழ்ப்பாணம்:
எட்டுக்கால் பூச்சியை என்ன செய்வது, பிள்ளை?

தஞ்சை:
அதனால்தான் 'கடி' என்றேன். ஈகடி, உண்ணிகடி, நுளம்புகடி. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ரொறன்ரோ:
ஐயா, நாளை வெள்ளிக்கிழமை.