பியாண்ட் மீட் (தாவரப் புரதத்தில் இறைச்சி மாதிரி செய்து விற்கும் அமெரிக்கக் கம்பெனி): முதல் தடவை பார்த்தபோது என்ன நடந்தது? எழுதுங்கள்

ஸ்காபரோ செல்வி:

2018 யூலை. கனடா முழுக்க ஏ அண்ட் டபிள்யூ கடைகளில் பியாண்ட் பர்கர் வந்துவிட்டது என்று எல்லாரும் கதைத்த நேரம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அம்மா மச்சம் (இறைச்சி, மீன்) தொடமாட்டா. அவவுக்கும் ஒன்று எடுத்தேன்.

ஒரு கடிதான். மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பாணைத் திறந்து பார்த்தா. உள்ளே இலேசான சிவப்பு. "பிள்ளை, இது மச்சம்." இல்லையம்மா, பட்டாணியில் செய்தது, சிவப்பு பீட்ரூட் என்றேன். கவுன்டரில் நின்ற பொடியனையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அம்மா நம்பினா. ஆனாலும் பர்கரைக் கடதாசியில் சுற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்குப் பொரியலை மட்டும் சாப்பிட்டா. "மச்சம் சாப்பிடுற ஆக்களுக்கு எண்டு செய்ததை எனக்கு ஏன் வாங்கித் தந்தனீ?"

அந்தக் கோடையிலேயே கடைகளில் கையிருப்பு தீர்ந்து, திரும்ப வருவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அம்மா கேட்டதற்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

டென்வர் நெல்லைக்காரன்:

செல்வி அக்கா, அம்மா சொன்னதுதான் சரி. கம்பெனியின் கணக்கே அதுதான்.

2016 மே மாதம் எங்கள் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் உள்ள ஹோல் ஃபுட்ஸ் கடையில்தான் பியாண்ட் பர்கர் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நான் சைவம். நேராக சைவ உறைபெட்டிப் பக்கம் போய்த் தேடினேன், காணோம். கடைப் பையனிடம் கேட்டால் இறைச்சிப் பகுதியைக் கைகாட்டுகிறான். இத்தனை வருட அமெரிக்க வாழ்க்கையில் அந்தப் பக்கம் நான் நின்றதே இல்லை. மாட்டிறைச்சித் தட்டுகளுக்கு நடுவே, அதே மாதிரித் தட்டில் இரண்டு வில்லை, 5.99 டாலர். எடுக்கலாமா வேண்டாமா என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் வந்தார். பியாண்ட் ஒன்று எடுத்தார், கூடவே ஒரு பாக்கெட் பேக்கன், அதாவது பன்றி இறைச்சி, எடுத்தார், இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் பியாண்ட் என்றால் அந்தக் கூடைதான் ஞாபகம் வருகிறது.

வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இறைச்சி சாப்பிடுகிறவர்கள்தான் என்று கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. நம்மைப் போன்றவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? நம்மை நம்பி இவ்வளவு பெரிய கம்பெனி எழும்பியிருக்குமா? இறைச்சி அலமாரியில் வைத்ததால்தான் வளர்ந்தது. அப்புறம், வெட்டும்போது ரத்தம் மாதிரி வருவதற்கு அவர்கள் போடும் ஹீம் என்கிற இரும்புச்சத்துப் பொருள்...

பங்குச்சந்தைப் பரமசிவம்:

நெல்லைக்காரரே, ஹீம் போடுவது இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற போட்டிக் கம்பெனி, பியாண்ட் இல்லை. அது பேட்ரிக் பிரவுன் தொடங்கியது, இது ஈத்தன் பிரவுன் தொடங்கியது. இரண்டு பேரும் சொந்தக்காரர்கள்கூடக் கிடையாது. செல்வி சரியாகத்தான் பீட்ரூட் என்று எழுதியிருக்கிறார்.

என் அனுபவம் சின்னது. 2019 மே 2, பியாண்டின் முதல் பங்கு வெளியீடு. விலை 25 டாலர். ஆபீஸ் கேன்டீன் டிவியில் 65.75 என்று முடிந்ததைக் காட்டினார்கள். எங்கள் மேனேஜர் கையில் சிக்கன் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டே கைதட்டினார், மயோனைஸ் என் சட்டையில் விழுந்தது. அவ்வளவுதான்.

ஆனால் இறைச்சி அலமாரியில் வைத்ததால்தான் வளர்ந்தது என்பது பாதிக் கதை. ஜூலையில் பங்கு 230 டாலரைத் தாண்டியதே, அப்போது ஊரெல்லாம் பேசியது உணவகங்களைப் பற்றித்தான். அதே மூச்சில் கேளுங்கள்: டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை நிறுவனம் 2019 ஜூனில் பியாண்டைக் கனடா முழுக்கக் கொண்டுவந்தது, 2020 ஜனவரிக்குள் மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு தடவை ருசி பார்க்க வருகிறவன் வேறு, வாராவாரம் வாங்குகிறவன் வேறு. விற்பனை 2021இல் 46 கோடி டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது, 2024இல் 32 கோடிச் சொச்சம். 2025இல் கடனுக்குப் பதிலாகப் பங்கைக் கொடுத்தார்கள். அக்டோபரில் பங்கு ஒரு டாலருக்கும் கீழே. அந்தப் பெரியவரின் கூடையில் அடுத்த வாரம் என்ன இருந்தது? அதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

டாலஸ் மைதிலி மாமி:

2022 பிப்ரவரியில் எங்கள் ஊர் மெக்டொனால்ட்ஸில் மெக்பிளான்ட் என்று சோதனைக்குப் போட்டார்கள், பியாண்ட் வில்லைதான். பையன் வாங்கி வந்து, "அம்மா, வாசனை பாரு" என்று மூக்குக்கு நேரே நீட்டினான். நான் பூஜை அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தேன்! அந்தக் கோடையிலேயே அது நின்றும் போய்விட்டது.

அதை விடுங்கள், யாரும் சரியாகச் சமைப்பதில்லை, அதுதான் பிரச்சினை. வில்லையை வில்லையாக வாட்டாதீர்கள். உறைந்தது இளகியதும் கையால் உதிர்த்து, கசகசா, சோம்பு, பொட்டுக்கடலை, பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்துக் கோலா உருண்டை பிடியுங்கள். உப்பு பாதி போதும், அதிலேயே நிறைய இருக்கிறது. வாணலியில் எண்ணெய் தாராளமாக ஊற்ற வேண்டாம், சூடு ஏறினால் அதுவே கொழுப்பு விடும். முதலில் தேங்காய் எண்ணெய் போட்டார்கள், 2024இல் அவகாடோ எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். பழைய செய்முறைகளை அப்படியே பின்பற்றாதீர்கள். மெத்தில்செல்லுலோஸ் என்று லேபிளில் போட்டிருக்கும். சூடுபட்டால் இறுகி உருண்டை உடையாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான். ரொம்ப நேரம் பிசைந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். வயதானவர்கள் பிரஷர் இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும். மீல்மேக்கரில் செய்தாலும் இதே உருண்டைதான், காசு மிச்சம்.

மிசூரி பழைய மாணவன்:

மாமி, செய்முறை யாரும் கேட்கவில்லையே! சரி, கோலாவைச் செய்து பார்க்கிறேன்.

எல்லாரும் பர்கரிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். அதற்கு முன்னால் பியாண்டின் கோழி மாதிரித் துண்டுகள் வந்தன, 2013இல் ஹோல் ஃபுட்ஸ் கடைகளில் நாடு முழுக்க. அந்த நுட்பம் எங்கள் மிசூரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களுடையது. ஆலையும் கொலம்பியா ஊரிலேயே. சோயா, பட்டாணிப் புரத மாவைத் தண்ணீரோடு சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளி வெளியே எடுப்பது, முறுக்கு உழக்கு மாதிரிதான். ஆனால் உள்ளே புரதம் ஒரே திசையில் நாராக அமைந்துவிடும்.

டிபார்ட்மென்ட் விருந்தில் ஒரு சீனியர் ஒரு துண்டை எடுத்து, எதுவும் சொல்லாமல், நகத்தால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். நார் நாராக வந்தது. ருசி சுமார்தான், அட்டை மாதிரி என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். எனக்கு ருசியைப் பற்றிக் கவலையே இல்லை, நானும் நாலைந்து துண்டு வாங்கிக் கிழித்துக்கொண்டே நின்றேன்.

பர்கர் வந்து பணம் கொட்டியதும், 2019இல் அந்தத் துண்டுகளை நிறுத்திவிட்டார்கள். 2021இல் மேல்மாவு பூசிய டெண்டர்ஸ் வந்தது. அது வேறு சாமான், பரமசிவம் சார், அதையும் இதையும் ஒன்றாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.