ட்ரேசர் ஏன் நீர்முகப்புக்குப் பின்னாலேயே வருது?

கேள்வி:
வணக்கம். எம்.டெக் ப்ராஜெக்டுக்கு ஒரு பரிமாண பக்லி–லெவரெட் மாடல் (பாறைத் துளைகளில் நீர் எண்ணெயைத் தள்ளுவதைக் கணக்கிடுவது) எழுதியிருக்கேன். எண்ணெய் நிறைந்த மணற்கல் கோர் (உருளையா வெட்டிய பாறைத் துண்டு), துளைகளில் 0.2 பங்கு பழைய நீர் ஏற்கெனவே இருக்கு. நீர் தள்ளினாலும் வெளியேறாம தங்கிப்போகும் மிச்ச எண்ணெயும் 0.2. கோரி அடுக்கு (துளையில் ஒரு திரவத்தின் பங்கு கூடும்போது அது எவ்வளவு எளிதா நகரும் என்பதற்கான அடுக்கெண்) நீர், எண்ணெய் இரண்டுக்கும் 2. எண்ணெயின் பாகுத்தன்மை நீரைப் போல இரு மடங்கு. ட்ரேசர் (நீரின் தடத்தை அறியச் சேர்க்கும் அடையாளப் பொருள்) கலந்த நீரை ஒரு முனையில் செலுத்தினா, நீர்முகப்பு செங்குத்தா வருது. ட்ரேசரோ ரொம்பப் பின்னாடி, அதுவும் சரிவா இழுத்துக்கிட்டு வருது. டிஸ்பர்ஷன் (கரைந்த பொருள் கலந்து பரவுவது) சேர்க்கவே இல்லை. போதாததுக்கு, செலுத்தும் நீரில் 1-ஆக வெச்ச ட்ரேசர் செறிவு சில இடத்தில் 1-ஐத் தாண்டுது. எங்கே பார்க்கணும்?

பதில் 1:
பின்தங்குவது பிழை இல்லை தம்பி, இயற்பியலே அதுதான். நீங்க செலுத்தும் நீர், முதலில் பழைய நீரைத்தான் முன்னால் தள்ளும். அதனால் முகப்பில் வருவது பழைய நீர். அதில் ட்ரேசர் கிடையாது.

கணினியை மூடிட்டு, நீரின் பாய்வுப் பங்கு (மொத்தப் பாய்வில் நீரின் பங்கு) வளைகோட்டை, சாச்சுரேஷனுக்கு (துளைகளில் நீர் நிறைந்த பங்கு) எதிரா காகிதத்தில் வரைங்க. சாச்சுரேஷன் 0.2 புள்ளியிலிருந்து தொடுகோடு போட்டா நீர்முகப்பின் வேகம்: 2.28. பூஜ்யத்திலிருந்து போட்டா ட்ரேசரின் வேகம்: 1.48. இந்த இரண்டாவது கோடு வளைகோட்டைச் சாச்சுரேஷன் 0.6-இல் தொடும். (மொத்தப் பாய்வு வேகத்தைத் துளைமையால், அதாவது பாறையில் துளைகளின் பங்கால், வகுத்தது ஓர் அலகு.) ஆக, துளைக் கன அளவில் 0.44 பங்கு செலுத்தியதும் நீர் வெளியே வரும், ட்ரேசருக்கு 0.675 ஆகணும். உங்க விடை இதோடு பொருந்துதா? அதைத்தான் முதலில் பார்க்கணும்.

சரிவு மட்டும் கணக்கிடும் முறை தந்தது. நீர்முகப்பு ஒரு அதிர்வலை. பின்னால் வரும் அலைகள் வேகமானவை என்பதால் அது தன்னைத்தானே கூர்மையாக்கிக்கும். ட்ரேசர் முகப்புக்கு அந்த வசதி கிடையாது. முதல்படி அப்விண்டில் (பாய்வு வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை மட்டும் எடுக்கும் எளிய கணக்கு முறை) ஒருமுறை கலைஞ்சா கலைஞ்சதுதான். அந்தப் பொய்யான பரவல், மாடலின் ஒரு கட்ட நீளத்தில் பாதியளவு டிஸ்பர்சிவிட்டி (பாறையின் பரவல் அளவைச் சொல்லும் நீளம்) இருந்தா வரும் பரவலுக்கு ஏறத்தாழச் சமம். டிவிடி (TVD) லிமிட்டர் போடுங்க, அது பொய்யான அலைவு வராம முகப்பைக் கூர்மையா வெச்சிருக்கும்.

பதில் 2:
வயலிலும் இதே கதைதான். வட கடலில் கடல்நீரைச் செலுத்தும்போது, உற்பத்திக் கிணற்றில் முதலில் வருவது பேரியம் கலந்த பாறைநீர். சல்ஃபேட் உள்ள கடல்நீர் பிறகுதான் எட்டும். இரண்டும் கிணற்றருகே சந்திச்சா பேரியம் சல்ஃபேட் படிஞ்சு குழாயை அடைக்கும். எப்போ படிவுத் தடுப்பான் ஊற்றணும் என்பதை முடிவு பண்ண அந்த இடைவெளி தெரியணும். மாடலில் பொய்ப் பரவல் இருந்தா சல்ஃபேட் சீக்கிரமே வந்ததா காட்டும்.

கேட்டவர்:
தொடுகோடு போட்டுப் பார்த்தேன், பொருந்துது சார். 1-ஐத் தாண்டுறதுதான் இன்னும் புரியலை. சாச்சுரேஷனைப் புதுப்பிச்சிட்டு, அந்தப் புது மதிப்பை வெச்சுப் பாய்வுப் பங்கை மறுபடி கணக்கிட்டு ட்ரேசரை நகர்த்துறேன்.

பதில் 1:
அங்கேதான் இருக்கு. சாச்சுரேஷனை நகர்த்திய அதே ஃப்ளக்ஸை, அதாவது கட்டத்திலிருந்து கட்டத்துக்குப் போகும் நீரின் பாய்வைச் சேமிச்சு வெச்சு, அதையே செறிவால் பெருக்குங்க, புதுசா கணக்கிடாதீங்க. செறிவைத் தனியா நகர்த்தாம, சாச்சுரேஷனும் செறிவும் பெருக்கிய அளவை நகர்த்தி, கடைசியில் வகுங்க. வறண்ட மண் மாதிரி நீரே இல்லாத கட்டம் இருந்தா வகுக்கும்போது கவனம். உங்க கோரில் 0.2 இருக்கு, பயமில்லை.

சரிபார்க்க: பழைய நீரிலும் செலுத்தும் நீரிலும் செறிவு 1 என்று வெச்சு ஓட்டுங்க. எல்லாக் கட்டத்திலும், எல்லா நேரத்திலும் 1-ஆகவே நிக்கணும். ஆறாவது தசமத்தில் ஆடினாலும் விடாதீங்க.