வேன் பிடித்துக் கோயில் குளம் போனவர்களே, மறக்க முடியாத அனுபவம் ஏதாவது உண்டா?

உறையூர்க்காரி

மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது ‘டிரைவர் பேட்டா’ என்றால் எனக்கு மனது குறுகிப்போகிறது.

நவக்கிரகச் சுற்று, 18 சீட் வேன், நாங்கள் 17 பேர். முதல் நாள் திங்களூரில் தொடங்கிக் கஞ்சனூர் வரை ஐந்து கோயில், இரவு கும்பகோணத்தில் தங்கல். எங்களுக்கு ஐந்து அறை எடுத்தோம். டிரைவர் எங்கே படுப்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. விடியற்காலை பையை வைக்க வண்டிக் கதவைத் திறந்தால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்து சாம்பலாகக் கிடந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கோயில் நடை சாத்துவதற்குள் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று அவரை விரட்டினோம். நான்கு மணிக்கு மேல் திருநள்ளாறு. அங்கிருந்து நேராக ஊர். தஞ்சாவூர் தாண்டியதும் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. பெரியம்மாதான் எழுந்து முன்சீட்டுக்குப் போனார். “தம்பி, உனக்கு எத்தனை பிள்ளை?” என்று ஆரம்பித்து, மூத்தவள் என்ன படிக்கிறாள், மாமியார் வீடு எந்த ஊர், வீட்டில் மாடு உண்டா என்று உறையூர் வரை நிறுத்தவே இல்லை. உயிரோடு வந்து சேர்ந்தோம்.

இறங்கியதும் என் வீட்டுக்காரர் பேட்டாவில் நூறு ரூபாயைக் குறைத்துக் கொடுத்தார். “தூங்கிக்கொண்டே ஓட்டினாயே” என்றார். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மதுரைக்காரன்

எல்லா டிரைவர்களும் அப்படி வாயில்லாப் பூச்சிகள் அல்ல, அம்மா. ஸ்ரீரங்கம் போய்விட்டுத் திரும்புகிறோம். நாள் வாடகை என்றால் இரவு பன்னிரண்டோடு கணக்கு முடியும், ஒரு நிமிடம் கூடினாலும் அடுத்த நாள். இது வேன் எடுத்த எல்லோருக்கும் தெரியும். மேலூருக்கு வரும்போது மணி 11.15. எப்படியும் பன்னிரண்டுக்குள் வீடு. அங்கே வண்டியை ஓரம் கட்டி, “ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் சார்” என்றார்.

அந்த டீயை அவர் குடித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஊதுகிறார். ஆற்றுகிறார். கிளாஸைத் திருப்பிப் பார்க்கிறார். கடைக்காரரிடம் மழை பெய்ததா என்று விசாரிக்கிறார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்க்கிறார். வீட்டு வாசலில் இறங்கும்போது 12.10. இன்னொரு நாள் வாடகை வேண்டும் என்று போனில் முதலாளி. பாதிக்குப் பேசி முடித்தோம். காசு போனதைவிட அந்த டீதான் எரிச்சல்.

நாமக்கல் வாத்தியார்

மதுரைக்காரரே, நடுராத்திரியில் டீ குடிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே உறையூர் அம்மா எழுதியிருக்கிறாரே, படிக்கவில்லையா? 11.15க்கு டீ குடித்தவர் சதிகாரர், குடிக்காதவர் தூங்குமூஞ்சி. பிறகு அவர் எப்படித்தான் இருக்க வேண்டும்?

என் கதை கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இழுவை குறையும் என்று ஏசியை அணைத்தார், பிள்ளைகள் ஆளுக்கொரு பையில் வாந்தி. அதெல்லாம் வழக்கம்தான். அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போதுதான் ரப்பர் கருகுவதைப் போல ஒரு நாற்றம். டிரைவர் சமவெளிக்காரர், கியரில் இறக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். மிளகு மூட்டையோடு வழியோரம் நின்றிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டவில்லை, கத்தவில்லை. குனிந்து ஒரு கல்லைத் தூக்கினார். வண்டி ஊர்ந்து நின்றதும் பின்சக்கரத்தின் அடியில் வைத்தார். “அரை மணி நேரம் ஆறட்டும், அப்புறம் இரண்டாவது கியரிலேயே போ” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். நன்றி சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

மதுரைக்காரன்

வாத்தியாரே, டீ குடித்ததைக் குறை சொல்லவில்லை. ஆற்றியதைத்தான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்

எனக்கும் ஒன்று நடந்தது. காரைக்கால் எல்லையில் ஒரு மணி நேரம் நின்றோம். திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் வருகிறது, வண்டிக்கு அங்கே போகும் பர்மிட்டை முதலாளி எடுக்கவில்லை. சனீஸ்வரனைப் பார்க்கும் முன்பே பிடித்துவிட்டான் என்று மச்சினர் சிரித்தார். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே யாரும் அடிப்படையையே பேசவில்லை. முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால்தான் டீசல் வேன் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டி கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று ஏறாதீர்கள், விபத்து என்றால் வாடகைக்கு ஓட்டியதைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழின் தேதியைக் கேளுங்கள், எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். கிலோமீட்டர் உங்கள் வீட்டிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்து ஷெட் வரையா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பேசுங்கள், சண்டையில் பாதி இதில்தான். டோல்கேட், பார்க்கிங், பர்மிட், மலைக்கட்டணம், பேட்டா எல்லாம் வாடகையில் சேர்த்தியா, தனியா என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். புறப்படும்போது மீட்டரைப் போனில் படம் எடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர் வழி மைசூர் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுப்பாதை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்டெப்னியைக் கையால் அமுக்கிப் பாருங்கள். நான் பார்ப்பேன். டிரைவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

பழைய ஸ்டியரிங்

இருபத்திரண்டு வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன். மேலூர் டீயைப் பற்றி: சில முதலாளிகள் ‘பன்னிரண்டைத் தாண்டி வா’ என்று சொல்லியே அனுப்புவார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். நானும் ஆற்றியிருக்கிறேன்.

மனதில் நிற்பது வேறு. வைத்தீஸ்வரன்கோயிலில் 21 பேரை இறக்கிவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். கால் முடியாத தாத்தா ஒருவர் மட்டும் கோயிலுக்குள் போகவில்லை, என்னோடு இருந்தார். கொஞ்ச நேரத்தில் நான் கண் அசந்துவிட்டேன். போன் வந்தது, எல்லோரும் வேறு வாசல் வழியாக வந்துவிட்டார்கள், சீக்கிரம் வா என்று. ஓட்டிக்கொண்டு போனேன். ஏறினார்கள், பாட்டுப் போடு என்றார்கள். யாரும் தலையை எண்ணவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. மயிலாடுதுறைக்குள் நுழையும்போதுதான் ஒரு சின்னப் பெண் “தாத்தா எங்கே?” என்றாள்.

திரும்பிப் போனால், அதே மரத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மகன்கள் ஆளாளுக்கு என்னைத் திட்டுகிறார்கள். அவர் பக்கத்தில் இரண்டு கிளாஸ். ஒன்று காலி, இன்னொன்றைத் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறார்.

“தூங்குகிறாயே என்று உனக்கும் சேர்த்துச் சொன்னேன் தம்பி. ஆறிப்போய்விட்டது” என்றார்.

ஓய்வுபெற்ற கணக்கர்

தலையை எண்ணுவது பயணிகள் பொறுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த வண்டிக்கு எஃப்.சி. இருந்ததா?