ஓடந்துறை காற்றாலைக்குப் போன 40 லட்சம் யார் பணம்?

வைப்பாற்றங்கரை:
நேற்று ஊராட்சி நிதி பற்றிய பேச்சில் பவானித்தண்ணி போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அதை அப்படியே விட மனசு வரவில்லை. அவர் எழுதியது: "கிராமங்களை மீட்க அரசு கொட்டும் பணம் எல்லாம் வீண். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் அரசுப் பணம் ஒரு பைசா தொடாமல் சொந்தக் காசில் காற்றாலை வாங்கியது. உழைக்கிற ஊர் பிழைக்கும், மற்ற ஊர்கள் காலியானால் காலியாகட்டும்."

சரி, கணக்கைப் பார்ப்போம். 350 கிலோவாட் காற்றாலை, விலை 1 கோடியே 55 லட்சம். அதில் ஊராட்சி போட்டது 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஆக, ஏறக்குறைய முக்கால் பங்கு கடன். மிச்சமுள்ள அந்த 40 லட்சத்தைத்தான் கேட்கிறேன். ஊராட்சிக் கணக்கில் வீட்டு வரி மட்டுமா விழுகிறது? மாநில நிதிக்குழு மானியம் மாதாமாதம் விழவில்லையா? அரசுப் பணம் ஒரு பைசா கலக்கவில்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

பவானித்தண்ணி:
சொந்த நிதி என்றால் சொந்த நிதி. இதில் என்ன ஆராய்ச்சி? 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்த சண்முகம் மின்கட்டணத்தைக் குறைத்தார், சிக்கனமாகச் சேர்த்தார், வாங்கினார். காற்றாலை நிற்பது ஊரிலேயே இல்லை, உடுமலைப் பக்கம் மைவாடியில். காற்று எங்கே வீசுகிறதோ அங்கே போய் நிறுத்தினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறேமுக்கால் லட்சம் யூனிட் வருகிறது என்றார்கள், ஊருக்கு வேண்டியது நாலரை லட்சம்தான். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். இதெல்லாம் உங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியாது. உங்கள் ஊராட்சிக்கு அரசு 20 லட்சம் கொடுத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

வைப்பாற்றங்கரை:
சொல்கிறேன். 2006க்கும் 2011க்கும் இடையே அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் 20 லட்சம் வந்தது. எங்கள் ஊரில் ஊரணிக்குப் படித்துறை கட்டினார்கள், சுடுகாட்டுக்குப் பாதை போட்டார்கள், நூலகம் கட்டினார்கள். படித்துறையும் பாதையும் இன்றைக்கும் நிற்கின்றன. நூலகம் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இரும்பு அலமாரியில் புத்தகக் கட்டுகள் சணல் கயிறு அவிழ்க்காமல் அப்படியே இருக்கின்றன. கரையான் கீழ்த்தட்டு வரை ஏறிவிட்டது. காரணம் ஊர்க்காரன் சோம்பேறி என்பதல்ல. கட்டடத்துக்குப் பணம் வந்தது, அதைத் தினமும் திறந்து உட்கார ஓர் ஆளுக்குக் கையில் நிற்கிற சம்பளம் வரவில்லை. குறை அங்கே இருக்கிறது, பணம் கொடுத்ததில் இல்லை.

இப்போது என் கேள்விக்கு வாருங்கள். அந்த 40 லட்சம் யார் பணம்?

தணிக்கைத்தாத்தா:
முப்பது வருடம் உள்ளாட்சித் தணிக்கையில் பேனா பிடித்தவன் என்பதால் சொல்கிறேன். கிராம ஊராட்சிக்கு ஒன்றாம் எண் கணக்கு என்று ஒன்று உண்டு, அது பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், வரைபட அனுமதிக் கட்டணம், நிதிக்குழு மானியம் எல்லாம் அதில்தான் வந்து சேரும். மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் இரண்டாம் எண் கணக்கு, திட்டங்களுக்கு மூன்றாம் எண் கணக்கு. ஒன்றாம் எண்ணிலிருந்து எடுத்த ரூபாயில் எது வரி, எது மானியம் என்று நோட்டில் எழுதியிருக்காது. எனவே இரண்டு பேருமே தெரியாததைப் பேசுகிறீர்கள்.

பவானித்தண்ணி:
ஐயாவே சொல்லிவிட்டார், பொது நிதி. திட்ட நிதி அல்ல. நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது.

வைப்பாற்றங்கரை:
ஐயா சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். மானியமும் அதே கணக்கில் விழுகிறது என்கிறார். நான் சொன்னதுதான் நிரூபணமாகியிருக்கிறது. "ஒரு பைசா" என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள், அது போதும்.

தணிக்கைத்தாத்தா:
நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. என் பெயரை இழுக்காதீர்கள்.

கீழத்தெரு:
நீங்கள் எல்லாரும் ஊராட்சி ஊராட்சி என்றே பேசுகிறீர்கள். எங்களுக்குப் பணம் ஊராட்சிக்கு வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அந்த 20 லட்சம் தாய்க்கிராமத்தோடு நின்றுவிட்டது. ரெண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம், முப்பது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம். அடுத்து 2011இல் தாய் திட்டம் வந்து குக்கிராமத்தை அலகாக வைத்த பிறகுதான் எங்கள் தெருவுக்கு விளக்கும் சிமென்ட் சாலையும் வந்தன. ஊர் நடுவில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது.

மணல்மேடு:
ஆக, அந்த ஆட்சி நல்லது, இந்த ஆட்சி கெட்டது என்கிறீர்கள். கட்சிப் பிரச்சாரத்தை எங்கே போனாலும் விட மாட்டீர்களா?

கீழத்தெரு:
எனக்கு எந்தக் கட்சியும் சோறு போடவில்லை. விளக்கு எந்த வருடம் எரிந்தது என்று சொன்னேன். அதில் உங்களுக்குக் கொடி தெரிந்தால் நான் என்ன செய்ய?

மணல்மேடு:
2021க்கு அப்புறம் அண்ணா மறுமலர்ச்சி இரண்டாம் கட்டம் வந்ததே, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதிலேயே தெரிகிறது உங்கள் நடுநிலை. அது கிடக்கட்டும், ஆளே இல்லாத ஊரில் பேவர் பிளாக் பதித்து என்ன பயன்? 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப்பேர் திருப்பூரில், மீதிப்பேர் வளைகுடாவில். மிச்சம் இருப்பது பாட்டிகளும் நூறு நாள் வேலையும். நானே சிங்கப்பூரில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

வைப்பாற்றங்கரை:
மணல்மேடு, ஆள் போனதால் பணம் வேண்டாம் என்கிறீர்கள். ஆள் ஏன் போனான் என்று கேட்டீர்களா? மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு. அதில் ஊரகத்துக்கு ஒரு பங்கு, நகரத்துக்கு ஒரு பங்கு. ஊரகப் பங்கைப் பிரிக்கும்போது மக்கள்தொகைக்குத்தான் பெரிய எடை. நூறு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் மானியம் இறங்கும். ஆனால் மேல்நிலைத் தொட்டி அதே தொட்டி, பைப் லைன் அதே நீளம், மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் கூலி அதே கூலி. இருக்கிற அறுபது வீட்டுக்குத் தண்ணீர் விடச் செலவு குறைவதில்லை. மோட்டார் ரெண்டு மாதம் ஓடாவிட்டால் அந்த அறுபதும் கிளம்பும்.

மத்திய நிதிக்குழுப் பணத்தின் கதை இன்னும் மோசம். பதினைந்தாவது நிதிக்குழு கொடுத்ததில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்கலாம் என்று கட்டிப் போட்டார்கள். அதுவும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் ஒரு உலர்களமோ கிட்டங்கியோ கட்டி, மிளகாயும் மல்லியும் விலை வரும்வரை வைத்து விற்க வழி செய்யலாம் என்றால் மீதி 40இல்தான் கை வைக்க வேண்டும். அதில் தெருவிளக்கு, ரோடு எல்லாம் போக என்ன தேறும்? ஊர் சம்பாதிக்கவில்லை என்று திட்டுகிறவர்கள், சம்பாதிக்க முதலே கையில் கொடுக்காததைப் பேசுவதில்லை. ஓடந்துறைக்கு அந்த முதல் இருந்தது. 40 லட்சம். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வியே.

பவானித்தண்ணி:
எழுதி எழுதியே ஜெயித்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள். நாலு பத்தி எழுதினால் பொய் உண்மையாகிவிடாது. ஓடந்துறைக்காரர்கள் வரியைக் கட்டினார்கள். உங்கள் ஊரில் வீட்டு வரி பாக்கி எத்தனை வருடம்?

வைப்பாற்றங்கரை:
பாக்கி இருக்கிறது, ஒளிக்கவில்லை. முழுசும் வசூலித்தாலும் என்ன வரும் என்று பாருங்கள். ஓட்டு வீடும் தகரக் கொட்டகையும் உள்ள மானாவாரி ஊர். பட்டறையோ ஆலையோ கிடையாது, எனவே தொழில் வரி பெயரளவுக்குத்தான். விளைநிலத்துக்கு ஊராட்சி வரி போட முடியாது. மனை வாங்கிக் கட்டட அனுமதி கேட்டு வருகிறவர் யாரும் இல்லை. ஓடந்துறை இருப்பது மேட்டுப்பாளையத்தை ஒட்டி, ஊட்டிக்குப் போகிற பாதையில், பக்கத்தில் பவானி ஓடுகிறது. உங்கள் ஒரு வருட வரி எங்களுக்குப் பத்து வருடம். இதில் உழைப்பு, சோம்பல் என்று பாடம் நடத்தாதீர்கள்.

பவானித்தண்ணி:
ஆறு ஓடினால் தானாகப் பணம் வருமா? ஆற்றங்கரையில் எத்தனையோ ஊராட்சி இருக்கின்றன, எல்லாம் காற்றாலை வாங்கிவிட்டதா? நல்ல தலைவர் வாய்த்தார், நடந்தது. திருவள்ளூர் பக்கம் குத்தம்பாக்கத்தைப் பாருங்கள். இளங்கோ 1996இல் தலைவரானார், ஊரே மாறியது. கொங்கும் இல்லை, ஆறும் இல்லை.

வைப்பாற்றங்கரை:
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். குத்தம்பாக்கத்தில் எல்லாரும் போய்ப் பார்ப்பது சமத்துவபுரத்தைத்தானே? அந்த வீடுகள் அரசுத் திட்டம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெவ்வேறு சாதிக் குடும்பங்களை இரட்டை வீட்டில் குடிவைத்தது அந்தத் தலைவரின் யோசனை. பணம் அரசுடையது, மூளை ஊருடையது. நான் ரெண்டு நாளாகத் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி.

பவானித்தண்ணி:
வீடு வேறு, காற்றாலை வேறு. பேச்சை மாற்றாதீர்கள். காற்றாலை சொந்தக் காசு.

தணிக்கைத்தாத்தா:
பொது நிதி.

பவானித்தண்ணி:
ஐயா, பெயரை இழுக்காதீர்கள் என்றீர்கள், இப்போது நீங்களே வருகிறீர்கள்.

கீழத்தெரு:
தலைவர் தலைவர் என்கிறீர்களே, இப்போது தலைவர் எங்கே இருக்கிறார்? 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர் கையில் ஊராட்சியைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் 2016இலிருந்து 2019 கடைசிவரை இதே கதை. தேர்தல் நடத்தவில்லை என்று மத்திய மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் தெருவில் குழாய் உடைந்தால் வார்டு மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தனி அலுவலரைப் பார்க்க யூனியன் ஆபீசுக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும்.

மணல்மேடு:
மெம்பர் இருந்தபோது மட்டும் குழாயைச் சரிசெய்தாரா?

கீழத்தெரு:
செய்தார். அந்த மெம்பர் என் அக்கா. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம்.

வைப்பாற்றங்கரை:
பவானித்தண்ணி, ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். அரசு கிராமத்துக்குக் கொட்டும் பணம் வீண் என்றீர்கள். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோது இங்கே மூன்று பக்கம் மகிழ்ந்து எழுதியது யார்? 1,916 கோடி ரூபாய். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரி நீரை பம்ப் செய்து ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான், அந்தக் குளங்கள் நிரம்பட்டும். ஆனால் அது யார் பணம்? உங்கள் குளத்துக்கு வந்தால் வளர்ச்சி, எங்கள் ஊரணிக்கு வந்தால் வீண் செலவா?

பவானித்தண்ணி:
அத்திக்கடவைத் தொடாதீர்கள். அது அறுபது வருடப் போராட்டம். உண்ணாவிரதம் இருந்து வாங்கிய உரிமை. உங்கள் பூட்டிய நூலகத்தோடு அதை ஒப்பிட்டதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

வைப்பாற்றங்கரை:
உங்களுடையது உரிமை, எங்களுடையது பிச்சையா? மன்னிப்பெல்லாம் கிடையாது. 40 லட்சத்துக்குப் பதில் சொல்லிவிட்டு அத்திக்கடவுக்கு வாருங்கள்.

பவானித்தண்ணி:
பதில் சொல்லியாகிவிட்டது. சொந்த நிதி. போன வருடம் காவிரி-குண்டாறு இணைப்புத் திட்டம் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள். காவிரி உபரி உங்களுக்கு வேண்டும், ஆனால் கொங்குக்காரன் மட்டும் கணக்குக் காட்ட வேண்டும்.

வைப்பாற்றங்கரை:
குண்டாறுக்கு வரட்டுமா? நான் தயார். அந்தப் பேச்சில் நீங்கள் பாதியில் எழுந்து போனது எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

மணல்மேடு:
எனக்கு நினைவில்லை. லிங்க் இருந்தால் போடுங்கள்.

பவானித்தண்ணி:
போடட்டும், நானும் பார்க்கிறேன். யார் எழுந்து போனார் என்று அதிலேயே தெரியும்.